வைப்ரேட்டர் ஓட்டிய கமலாத்தாள்

மாநில எல்லையை ஒட்டிய வடகரப்பதியில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிய எழுபத்தாறாம் வருடம், அந்த வேலையிடத்தில் சிமெண்டுக் கொட்டகைக்கு நான் காவல் இருந்தேன். மூட்டையை எடுத்துக் கொடுப்பது, காலிச் சாக்கைத் திரும்ப வாங்கி அடுக்குவது, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது, இவ்வளவுதான் என் வேலை. கமலாத்தாளைப் பற்றி எங்கள் பக்கம் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. ஓட்டத் தெரியாமல் மெஷினை ஓட்டி ரெண்டு தூணைக் கெடுத்துப்போட்ட பொம்பளை என்பார்கள். அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு அங்கே பத்துப் பேராவது இருந்தோம்.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு, முப்பத்தஞ்சு வயதிருக்கும். எலப்புள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்ததும், ஒரு தகரப் பெட்டியோடு அப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மூணு ஏக்கர் பூமி, ஒரு கிணறு. அப்பன் படுக்கையில். அண்ணன் அப்புசாமி மாட்டுத் தரகு பேசிக்கொண்டு சந்தை சந்தையாக அலைகிறவன். அதனால் கிணற்று மோட்டார் இவள் கைக்கு வந்தது. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. மூணு ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் திணறும். உடனே நிறுத்தாவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, காயில் என்பார்கள், எரிந்துவிடும். அடுப்படியில் இருந்தபடியே அந்தத் திணறல் அவள் காதில் விழும். பாதி பிசைந்த மாவோடு ஓடிப்போய் ஸ்விட்சை இழுத்துவிடுவாள். சுற்றுவட்டத்தில் எல்லார் மோட்டாரும் வருடத்துக்கு ஒருதடவை ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போய் வந்தபோது, அவள் மோட்டார் ஒன்பது வருடம் மேடைக் கல்லைவிட்டு இறங்கவில்லை.

அப்புறம் கிணறே வற்றிப்போனது. இரண்டு வருடம் மழை இல்லை. மோட்டாரை அண்ணன் விற்றான். கஞ்சிக்கு வழி பார்க்க வேண்டுமே என்று கமலாத்தாள் தொட்டி வேலைக்குச் சித்தாளாக வந்தாள். அண்ணனுக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. "பூமி வெச்சிருக்கிற ஊட்டுப் பொம்பள சட்டி தூக்கிட்டுத் திரியறதா?" என்று வேலையிடத்துக்கே வந்து சத்தம் போட்டான். அவள் கலவை நிரம்பிய சட்டியைத் தலையில் வைத்தபடியே நின்று கேட்டாள். "பூமியத் திங்க முடியாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒழலப்பதியில் இருந்து வரும் குருவம்மாள்தான் அவளுக்குக் கூட்டு. குருவம்மாளுக்கு நாலு பிள்ளைகள், குடிகாரப் புருஷன். இருவரும் ஒன்றாகச் சட்டி தூக்குவார்கள், ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்பார்கள்.

ஆறு தூண்மேல் நிற்கிற தொட்டி அது. ஒரு தடவைக்குப் பத்தடி உயரம், அது ஒரு மட்டம். தூணுக்குப் பலகை அடைத்து, நடுவில் கம்பி கட்டி, மேலிருந்து காங்கிரீட்டைக் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. கம்பி இடுக்கிலும் மூலையிலும் அது போய் நிறையாது. காற்று உள்ளே அடைபட்டுக்கொள்ளும். அதற்குத்தான் வைப்ரேட்டர். கீழே ஒரு மோட்டார், அதிலிருந்து ரப்பர்க் குழாய், குழாய் முனையில் கை நீளத்துக்கு ஓர் இரும்பு ஊசி. ஊசியைக் காங்கிரீட்டுக்குள் விட்டால் அது அதிர்ந்து அதிர்ந்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும். இந்த வேலைக்கு அந்த மெஷின் கட்டாயம் என்று மேலிடத்தில் எழுதியிருந்தார்கள்.

கான்ட்ராக்டர் நஞ்சப்பன் ஒன்று வாங்கிவந்தார். நல்ல மெஷின் விலையில் மூணில் ஒரு பங்குதான் ஆனது என்று எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பேர்போன ஒரு கம்பெனியின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பித்தளைத் தகட்டில் அடித்து ஒட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு அது தெரியவில்லை. கமலாத்தாளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மெஷினை இறக்கிவைத்த அன்றைக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து, மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தாள். "லேசா ஆடுது" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அதை ஓட்ட வந்த ஆள் நாலே நாளில் ஓடிப்போனான். மெஷினைத் தொட்டால் கரண்டு அடித்தது. ஈரக் காலோடு நிற்கிற வேலை. ஒருநாள் அது தூக்கி எறிந்ததில், கம்பிக் கட்டின்மேல் விழுந்து முதுகைக் கிழித்துக்கொண்டான். வேறு யாரும் பக்கத்தில் போகத் தயாரில்லை. தூண் வேலை நின்றது. அப்போதுதான் கமலாத்தாள் கான்ட்ராக்டரிடம் போனாள்.

"ஏனுங்க, எர்த்து இல்லாம ஓட்டறீங்க. அதானுங்க அடிக்குது. ஒரு பைப்பும் கொஞ்சம் உப்பும் கரியும் குடுத்தீங்கன்னா நான் போட்டுத் தாரனுங்க."

"உனக்கென்னம்மிணி தெரியும்?"

"மோட்டாரு தெரியுமுங்க."

வேறு வழி இல்லாமல் சரி என்றார். அவளே குழி தோண்டி, பைப்பை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, மெஷின் உடம்பிலிருந்து அதற்குக் கம்பி இழுத்துக் கட்டினாள். பிறகு எல்லார் கண்ணெதிரே மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தபடி ஸ்விட்சைப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், கையை எடுத்துச் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து கமலாத்தாள் சட்டி தூக்கவில்லை. ஆம்பளைக் கூலி தருவதாக நஞ்சப்பன் சொன்னார், தரவில்லை. அவள் கேட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. சாரத்தின்மேல் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊசியைச் செங்குத்தாக விட்டு, மெதுவாக இழுத்து, அரைச் சாண் தள்ளி மறுபடி விடுவாள். மேலே கொப்புளம் வருவது நின்று பால்போல் சாந்து படிகிற வரை அந்த இடத்தை விடமாட்டாள். அவள் வேலை செய்த முதல் இரண்டு மட்டத்தில் பலகையைக் கழற்றியபோது தூண் கண்ணாடி மாதிரி இருந்தது. சர்க்கார் ஓவர்சியர் பஞ்சாபகேசன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். வாரம் ஒருநாள் ஜீப்பில் வருவார், கொஞ்சம் பயந்த சுபாவம். அந்த மெஷினைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

மெஷின் ஒழுங்காக இருந்த நாள் குறைவு. ரப்பர்க் குழாய்க்குள் ஓடுகிற முறுக்குக் கம்பி இரண்டாம் வாரமே அறுந்தது. ஸ்விட்ச் உருகி அவள் விரலைச் சுட்டது. ஊசிக்குள் பேரிங் கடகடவென்று ஆடி, ஒரு பலகையையே பிளந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் எதையாவது கட்டி, இறுக்கி, கிரீஸ் அடைத்து ஓடவைத்தாள். ஒருமணி நேரம் ஓடினால் கால்மணி நேரம் நிறுத்தி, மோட்டார்மேல் ஈரச் சாக்குப் போட்டு ஆறவைப்பாள். அந்தக் கால்மணி நேரமும் நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் காயில் எரிந்துவிட்டது. மெஷினைச் சாக்கில் கட்டி, வேலந்தாவளத்தில் பஸ் ஏறி, அவளே கோயமுத்தூருக்குக் கொண்டுபோனாள். தூக்கிவிட நானும் கூடப் போனேன். உக்கடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பவுல்ராஜ் என்று ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மெஷினைப் பிரித்துப் போட்டு, கருகிய செம்புக் கம்பியில் ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாருங்கம்மா, இந்த மோட்டாருக்குப் போடவேண்டிய கம்பி இது இல்ல. மெல்லிசு. வெளிய எழுதியிருக்கிற சக்தி உள்ள கெடையாது. நாலு நாளைக்கு ஒருதடவை அரைமணி நேரம் ஓட்டினா இது பத்து வருசம்கூட வரும். நாள் பூரா காங்கிரீட்டுல போட்டு ஓட்டுற வேலைக்கு வராது. நானே நல்ல கம்பி கட்டலாம்னாலும் உள்ள எடம் இல்ல. அளவே சின்னது."

"அப்ப எத்தன நாளுக்குத் தாங்குமுங்க?"

"பெரிய வேலை எதையும் இதை நம்பி ஆரம்பிக்காதீங்க. பாதியில விட்டுரும்."

அதே மெல்லிசுக் கம்பியை மறுபடி கட்டி வாங்கிக்கொண்டு வந்து, அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் நஞ்சப்பனிடம் சொன்னாள். அப்போது நான் கொட்டகை வாசலில் நின்றேன். நஞ்சப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒரு தொட்டிக்குத் தாங்குனாப் போதும் அம்மிணி. நான் என்ன, அதைக் கட்டிக்கிட்டா குடும்பம் நடத்தப் போறேன்?" என்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி உரக்கச் சிரித்தார்.

கார்த்திகை மாதம், மூணாவது மட்டம் போட்ட அன்றைக்கு நடந்தது இதுதான். இரண்டு தூணுக்கு முந்தின நாளே கொட்டியிருந்தார்கள். பாக்கி நாலு தூணுக்கும் அன்று ஒரே நாளில் கொட்டி முடிக்க வேண்டும் என்று நஞ்சப்பன் கலவை மெஷினைக் காலையிலேயே ஓடவிட்டார். இரண்டு தூண் ஆயிற்று. கமலாத்தாள் மேலிருந்து கையைக் காட்டினாள். "சூடாயிருச்சுங்க, கொஞ்சம் ஆறட்டுமுங்க." கலவை காய்ந்துவிடும், நிறுத்தாதே என்று அவர் கீழிருந்து கத்தினார். அவள் இறங்கிவந்து சாக்கைப் போடப் போனாள். அவர் சாக்கைப் பிடுங்கித் தூர வீசினார். மறுபடி ஏறினாள். மூணாவது தூணில் கால்வாசி நிறையும் முன்னே புகை கிளம்பியது. எரிந்த காயில் நாற்றம் என் கொட்டகை வரை வந்தது. அவள் இறங்கி ஓடிவந்து ஸ்விட்சை இழுத்தாள்.

"இதோட நிறுத்திக்கலாமுங்க. பாக்கி ரெண்டு தூணு மெஷின் சரியானப்புறம் போட்டுக்கலாமுங்க."

"கலந்து வெச்சத என்ன பண்றது? உன்ற அப்பனா தருவான்?" என்றார். ஆள்களைக் கூப்பிட்டு, கம்பியால் குத்துங்கள் என்றார். ஆளுக்கொரு கம்பியை எடுத்துக் குத்தினார்கள். பத்தடி ஆழத் தூணில் எட்டுகிற வரைக்கும்தானே குத்த முடியும். வெளிச்சம் மங்குவதற்குள் இரண்டு தூணையும் நிரப்பிவிட்டார்கள். கமலாத்தாள் எரிந்த மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பலகை கழற்றியபோது அந்த இரண்டு தூணும் அரித்த பல் மாதிரி இருந்தன. சாந்து இறங்காமல் ஜல்லி தனித்தனியாகத் தெரிந்தது. ஓர் இடத்தில் உள்ளே இருக்கும் கம்பியையே பார்க்கலாம். நஞ்சப்பன் என்னிடம் இரண்டு மூட்டை சிமெண்டு வாங்கி, மேஸ்திரியை விட்டு எல்லாவற்றையும் பூசி மூடினார். பூசினபிறகு ஆறு தூணும் ஒன்றுபோல இருந்தன.

"மேல தண்ணிச் சுமை ஏறினாத் தாங்காது" என்று கமலாத்தாள் குருவம்மாளிடம் சொன்னாளாம். "இதுக்குக் கீழதான் ஊர்ப் புள்ளைங்க விளையாடும்" என்றாளாம். உனக்கெதற்கு இந்த வம்பு என்று குருவம்மாள் தடுத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் ஓவர்சியர் வந்தபோது அவர் ஜீப்பில் ஏறும் வரை காத்திருந்து, கமலாத்தாள் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தக் கெழக்கால இருக்கிற ரெண்டு தூணையும் ஒருக்காத் தட்டிப் பாருங்க."

பஞ்சாபகேசன் இறங்கினார். சின்னச் சுத்தியலால் தட்டினார். சத்தம் பொக்கென்று கேட்டது. பூச்சைப் பெயர்க்கச் சொன்னார். பெயர்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதை ஒடச்சுடுங்கோ. முழுசா ஒடச்சுடுங்கோ" என்றார்.

நஞ்சப்பன் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. "தப்பு என்னோடதுதானுங்க சார். மெஷின் புது மெஷின், நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பொம்பள கையில குடுத்தது நாஞ் செஞ்ச தப்பு. வேலை செய்யத் தெரியாம மெஷினையும் எரிச்சு, தூணையும் கெடுத்துப்போட்டா. பயத்துல இப்ப அவளே வந்து சொல்றா பாருங்க."

கமலாத்தாள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி, கம்பி குத்தினவர்கள், குருவம்மாள், நான். பவுல்ராஜ் சொன்னதைக் காதால் கேட்டவன் நான் ஒருவன்தான். என் கையில் காலிச் சாக்கு இருந்தது. அதை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், மெஷினைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள கம்பி மெல்லிசு. கோயமுத்தூருல சொன்னாங்க" என்றாள்.

பஞ்சாபகேசன் அவளைக் கொட்டகை ஓரமாகக் கூப்பிட்டார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

"கமலாத்தா, நீ சொல்றது நேக்குப் புரியறது. மொதல் ரெண்டு மட்டமும் நான் பாத்தேனே. ஆனா மெஷின் சரியில்லேன்னு எழுதினேன்னா, அந்த மெஷினை யார் பாஸ் பண்ணினான்னு மேலேர்ந்து கேப்பா, கேட்டியா. நேக்கு ரெண்டு பொண்கள் கல்யாணத்துக்கு நிக்கறா."

அவள் அந்த இரண்டு தூண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தூணை ஒடைப்பாங்களா சார்?" என்றாள்.

"ஒடைப்பா. அதை நான் விடமாட்டேன்."

"சரிங்க" என்றாள்.

மெஷின் ஓட்டியவரின் தேர்ச்சிக் குறைவால் இரண்டு தூண்கள் பழுது என்று ரிப்போர்ட் போயிற்று. அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். தூண்களை உடைத்து மறுபடி போடுவதற்கு நஞ்சப்பன் கோயமுத்தூரில் இருந்து ஒரு நல்ல மெஷினை, அதை ஓட்டும் ஆளோடு, வாடகைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆள் ஊசியைச் சாய்த்துப் பிடித்தான், பீடி குடித்தான், பாதி நேரம் வேறெங்கோ பார்த்தான். மெஷின் ஒருதரம்கூட நிற்கவில்லை. தூண் நன்றாகத்தான் வந்தது. ஊரே அதைப் பார்த்தது. "ஆம்பளை கை பட்டதும் எப்படி வந்திருக்குது பாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டை யாரும் சந்தேகப்படவில்லை. பச்சை மெஷினுக்கு மறுபடி காயில் கட்டி, சித்தூர்ப் பக்கம் யாருக்கோ நல்ல மெஷின் என்று சொல்லியே நஞ்சப்பன் விற்றார்.

கமலாத்தாள் பொள்ளாச்சியில் இரண்டு மோட்டார்க் கடைகளில் போய் வேலை கேட்டாளாம். சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் சோறு போட்டான், அதோடு பேச்சும் போட்டான். "தூணைக் கெடுத்தவ" என்று குழந்தைகள்கூடக் கூப்பிட்டன. அடுத்த வருடம் அதே நஞ்சப்பனிடம், பால் சொசைட்டிக் கட்டட வேலைக்கு, மறுபடி சட்டி தூக்க வந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மெஷின் பக்கம் மட்டும் போகாத அம்மிணி" என்றார்.

அங்கேயும் சிமெண்டுக்குக் காவல் நான்தான். நஞ்சப்பன் இப்போது நல்ல மெஷின் வாங்கியிருந்தார். மேஸ்திரியின் மச்சினன் கருப்புசாமி அதை ஓட்டினான். மேல்தளம் போட்ட அன்றைக்கு, பாதி வேலையில் மெஷின் திணற ஆரம்பித்தது. கமலாத்தாள் தலையில் சட்டியோடு ஏணியில் நின்றாள். சத்தம் கேட்டதுமே அவள் தலை திரும்பியதை நான் பார்த்தேன். கருப்புசாமி ஸ்விட்சை நிறுத்தினான், போட்டான், நிறுத்தினான். கடைசியில் அவளிடம் ஓடிவந்தான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்கக்கா. என்னன்னே தெரியல."

மூணு ஃபேஸில் ஒன்றின் பியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அது தெரியும். ரெண்டு நிமிஷ வேலை.

"எனக்கு மெஷின் தெரியாதுன்னு சர்க்காருலயே எழுதி வெச்சிருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு, மேலேறிச் சட்டியைத் தளத்தில் கவிழ்த்துவிட்டு இறங்கினாள்.

எலக்ட்ரீஷியனைத் தேடி ஆள் போனது. அவர் வரவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. கலந்து வைத்தது இறுகிப்போனது. நஞ்சப்பன் கோபத்தில் சித்தாள்கள் எல்லாரையும் அரை நாள் கூலியோடு விரட்டிவிட்டார். சாலையில் குருவம்மாள் கமலாத்தாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சுதான் செஞ்ச. உன்ற வீம்புக்கு என்ற புள்ளைங்க வயிறு காயோணுமா?"

கமலாத்தாள் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் குருவம்மாள் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாள். அதன்பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் கமலாத்தாள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் எப்போதுமே வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, எழுபத்தொன்பதில், பொள்ளாச்சிக்குப் போகும்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். இறங்கி நின்றேன். பக்கத்துக் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருந்தது. வெயிலில் குனிந்து ஒருத்தி புரட்டிக்கொண்டிருந்தாள். கமலாத்தாள். முடி பாதி நரைத்திருந்தது. அங்கேயே ஒரு குடிசையில் இருப்பதாகச் சொன்னாள். அண்ணனோடு போக்குவரத்து இல்லை. வலது கைச் சுட்டுவிரல் இப்போதும் மரத்துப்போகிறது என்றாள். அந்த ஊசியைப் பிடித்ததால் வந்தது.

"அன்னைக்கு ஓவர்சியர் முன்னால நான் சொல்லீருக்கோணும்" என்றேன்.

"சொல்லீருந்தா உங்க வேலையும் போயிருக்குமுங்க" என்றாள். குனிந்து இன்னும் நாலு பருப்பைப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்து, "ஆனா நீங்க சொல்லலீங்க" என்றாள்.

கண்டக்டர் விசில் அடித்தான். நான் போய் ஏறிக்கொண்டேன்.